ஃப்ளாரன்ஸில் ஒரு செமஸ்டர்: இத்தாலியனும் ஓவியமும் ஒரே நேரத்தில் தலையில் ஏறுமா?

மை_பாட்டில்:

வணக்கம். சென்னையில் ஓவியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கும் ஃப்ளாரன்ஸில் உள்ள ஒரு கல்லூரிக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு பேர் ஒரு செமஸ்டர் போகலாம், இந்த முறை என் பெயர் வந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் கிளம்பி ஜூலையில் திரும்ப வேண்டும். சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது, அப்புறம் கால அட்டவணையை அனுப்பினார்கள், அதைப் பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

காலை 9 முதல் 1 வரை இத்தாலியன் மொழி வகுப்பு. மதியம் 2:30 முதல் 6:30 வரை ஸ்டுடியோ. ஸ்டுடியோவில் ஆயில், முட்டை டெம்பரா (முட்டைக் கருவில் நிறம் குழைத்து வரைவது), ஃப்ரெஸ்கோ (ஈரச் சுண்ணாம்புச் சுவரில் வரைவது) மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எனக்கு ஆயில் ஓரளவு வரும். மற்ற இரண்டும் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. இத்தாலியனில் எனக்குத் தெரிந்தது சாவ், கிராட்சியே, பீட்சா.

அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஆறு மாசத்துல பாஷையும் வராது படமும் வராது, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சுட்டு வருவே." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்குமோ என்று தோன்றுகிறது. மொழி வகுப்பைக் குறைத்துக்கொண்டு ஸ்டுடியோவிலேயே உட்காரலாமா, இல்லை, போவதற்கு முன் மொழியை இங்கேயே படித்துவிட முடியுமா, எந்த ஊடகத்தை எடுப்பது? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் "வாழ்க்கையை மாற்றிய அனுபவம்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், திங்கட்கிழமை காலையில் என்ன நடக்கும் என்று யாருமே எழுதுவதில்லை.


ஈரச்சுவர்:

திங்கட்கிழமை காலையில் என்ன நடக்கும் என்றால், தூக்கக் கலக்கத்தோடு போய் வினைச்சொற்களை மனப்பாடமாக ஒப்பிப்பாய். மதியம் அதில் ஒன்றுகூட உதவாது. அதுதான் முதல் மூன்று வாரம்.

நான் சில வருடம் முன்பு இதே ஊரில் இதே மாதிரி ஒரு செமஸ்டர் இருந்தேன், ஃப்ரெஸ்கோ எடுத்தேன். தம்பி, கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரெஸ்கோ எடு. ஆயிலைத் திரும்பி வந்து வாழ்நாள் முழுக்கச் செய்யலாம். ஈரச்சுவரில் வரைவதைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அபூர்வம், அதுவும் நடந்துபோகும் தூரத்தில் 15ம் நூற்றாண்டு ஓவியர் மசாச்சோ வரைந்த சுவர் இருக்கிற ஊரில்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் மொழி எங்கே வருகிறது என்று புரியும். சுவருக்கு முதலில் கரடுமுரடாக ஒரு பூச்சு, அதற்குப் பெயர் அரிச்சோ. அது நன்றாகக் காய்ந்த பிறகு அன்றன்று வரையப்போகிற இடத்துக்கு மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு, அது இன்தோனாகோ. ஒரு நாளில் பூசி வரைந்து முடிக்கிற துண்டை ஜொர்னாத்தா என்பார்கள், ஜொர்னோ என்றால் நாள். ஒரு பெரிய படத்தை உற்றுப் பார்த்தால் இந்தத் துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய தையல்போலத் தெரியும், ஓவியர் எந்த இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தினார் என்று கண்டுபிடிக்கலாம். சுண்ணாம்பு வேறொன்றுமில்லை, தாத்தா வெற்றிலையில் தடவுகிற அதே நீர்த்த சுண்ணாம்புதான். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகும்போது மேலே இருக்கிற நிறத்தையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. பசை கிடையாது, எண்ணெய் கிடையாது, நிறப்பொடியும் தண்ணீரும்தான்.

பூசியவுடன் வரையவும் முடியாது. சேறுமாதிரி இருக்கும், தூரிகை பட்டால் பிய்ந்து வரும். விரலை வைத்தால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததிலிருந்து சில மணி நேரம்தான். அதற்குள் முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து கோடு நெடுக ஊசியால் துளை போட்டதைச் சுவரில் பிடித்து, துணி மூட்டையில் கட்டிய கரித்தூளால் தட்ட வேண்டும், நம் ஊர் கோல அச்சில் மாவு போடுகிற மாதிரியேதான், அதற்குப் பெயர் ஸ்போல்வெரோ. அப்புறம் நிறம். கடைசி ஒரு மணி நேரத்தில் சுவர் தண்ணீரைச் சர்ரென்று உறிஞ்சும், அப்போது வைக்கிற நிறம்தான் நிற்கும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அந்த நேரத்தில் அகராதியைப் புரட்ட முடியுமா? அவர் பின்னாலிருந்து கத்துவார். "பாஞ்ஞா" என்றால் சுவரை நனை. "அஸ்பெத்தா", பொறு. "தோல்யி", எடுத்துவிடு. எனக்கு அதிகம் கிடைத்தது "லாஷா ஸ்தாரே", அதாவது நோண்டாதே, விட்டுவிடு. ஏவல் வினை முழுவதையும் நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், காலை வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது இது எனக்குத் தெரியுமே என்று இருந்தது.

ஒரு கதை சொல்லிவிடுகிறேன். எங்களோடு ஒரு அமெரிக்கப் பையன் படித்தான். ஒருநாள் அவன் தூரிகையில் தண்ணீர் அதிகமாகி நிறம் கீழே வழிய ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் "கோலா! கோலா!" என்று அலறுகிறார், வழிகிறது வழிகிறது என்று. இவன் ஓடிப்போய் அலமாரியிலிருந்து பசை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். பசைக்கு "கொல்லா". அவன் காதுக்கு இரண்டும் ஒன்று. நமக்கு அந்தப் பிரச்சினையே வராது. எனக்கு வந்தது வேறு பிரச்சினை, குறிப்பை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன், போதும் என்பதற்கும் பாஸ்தா, தின்பதற்கும் பாஸ்தா. ஒருநாள் முழுக்கப் போதும் போதும் என்பதற்குப் பதில் வாத்தியாரிடம் நூடுல்ஸ் நூடுல்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மொழி வகுப்பைக் குறைக்காதே. குறைத்தாலும் முதல் 8 வாரத்துக்கு அப்புறம் குறை.


கரிக்கட்டை:

மேலே சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்தான். நானும் போனேன். நான்கு மாதம் ஃப்ரெஸ்கோ கற்றுக்கொண்டு திரும்பி வந்து எந்தச் சுவரில் வரைவாய்? வாடகை வீட்டுச் சுவரிலா? ஆயிலை எடுத்து அடித்தளத்தைச் சரி செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று இன்னும் நினைக்கிறேன்.

ஆனால் என் செமஸ்டர் வீணானது ஊடகத்தால் இல்லை. நான் தங்கிய விடுதியில் எல்லாருமே பரிமாற்ற மாணவர்கள், ஸ்பெயின், கொரியா, பிரேசில், ஜெர்மனி என்று, பொதுவாகப் பேசுவது ஆங்கிலம். ஸ்டுடியோவிலும் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று தெரிந்ததும் ஆசிரியர் இரண்டு வார்த்தையில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், பக்கத்தில் இருக்கிற இத்தாலியப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாடம் இருந்தது. எனக்கு "குட், எ லிட்டில் டார்க்கர்" மட்டும் கிடைத்தது. மே மாதம் வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. மொழி வகுப்பை இரண்டாவது வாரமே விட்டுவிட்டேன், ஸ்டுடியோவில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று. கிடைத்தது, தனியாக உட்கார்ந்து வரைந்தேன், அதை இங்கேயே செய்திருக்கலாம்.

இன்னொன்று. எல்லாரும் உஃபிட்சி அருங்காட்சியகம், உஃபிட்சி என்பார்கள். போ, பொத்திச்செல்லியின் ஓவியங்களைப் பார், தப்பில்லை. ஆனால் அங்கே கூட்டத்தில் நின்று வரைய முடியாது. வரைய வேண்டுமானால் சாந்தப்பொல்லோனியாவுக்குப் போ, முன்பு கன்னிமடம், சாப்பாட்டுக்கூடத்தின் சுவர் முழுக்க அந்த்ரேயா தெல் கஸ்தாஞ்ஞோ 1447ல் வரைந்த கடைசி இராவுணவு இருக்கிறது. நான் இருந்தபோது நுழைவுக் கட்டணம் கிடையாது, பல நாள் நானும் காவலாளியும் மட்டும்தான். யூதாஸ் தலைக்குப் பின்னால் இருக்கிற பளிங்குப் பலகையைப் பார், புயல் அடிக்கிற மாதிரி வரைந்திருப்பார், அந்த ஒரு சதுரத்தைப் பார்க்க நான் ஏழெட்டு முறை போனேன். ஆற்றைத் தாண்டினால் சாந்தா ஃபெலிச்சித்தா என்று ஒரு தேவாலயம், உள்ளே நுழைந்தவுடன் வலது கைப்பக்கம் பொன்தோர்மோவின் சிலுவையிலிருந்து இறக்கும் படம். இருட்டாக இருக்கும், காசு போட்டால் விளக்கு எரியும், ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். கையில் சில்லறை வைத்துக்கொள். அந்த இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் எந்தப் புத்தகத்திலும் சரியாக அச்சாகவில்லை.

பென்சிலும் சின்ன நோட்டும் மட்டும் எடுத்துப் போ. மை, வாட்டர்கலர் என்று எதையாவது திறந்தால் எழுந்து வருவார்கள்.


போலோஞ்ஞாவாசி:

ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வேலைக்காக இத்தாலி வந்து 9 வருடம் ஆகிறது, மனைவி இந்த ஊர்க்காரர். மொழி பற்றியும் காகித வேலை பற்றியும் சொல்கிறேன்.

மொழி. தமிழ்க்காரர்களுக்கு இத்தாலியன் உச்சரிப்பு கையில் கொடுத்த லட்டு. ஈரச்சுவர் சொன்ன கோலா, கொல்லா மாதிரி ஒற்றை மெய், இரட்டை மெய் வேறுபாடு இந்த மொழியில் உயிர்நாடி. பலி, பல்லி, கனம், கன்னம் என்று பேசி வளர்ந்த காதுக்கு இதைக் கற்றுத்தரவே வேண்டாம். மற்ற நாட்டுக்காரர்கள் இதில்தான் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள். வருடத்துக்கு அன்னோ என்பார்கள், அதில் ஒரு ன் குறைந்தால் உடம்பின் பின்பக்கத்துச் சமாச்சாரம் ஆகிவிடும், வயது சொல்லும்போது எத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நீயே பார்ப்பாய். ஞ நம்மிடம் இருக்கிறது, அதனால் ஞொக்கி என்று சுலபமாகச் சொல்லலாம். "வருகிறேன்" என்றாலே நான் என்பது அடக்கம் அல்லவா, இங்கேயும் அப்படித்தான், எழுவாயைச் சொல்லாமல் வினையை மட்டும் சொன்னால் போதும். நீ, நீங்கள் உண்டு. ஆசிரியரிடம் தூ என்று பேசிவிடாதே, லேய் என்று ஆரம்பி, அவராகத் தூ போட்டுப் பேசலாம் என்றால் மாற்றிக்கொள். வேடிக்கை என்னவென்றால் லேய் என்றால் அவள் என்றும் பொருள். பெரிய மீசை வைத்த ஆளையும் மரியாதைக்கு "அவள் எப்படி இருக்கிறாள்" என்கிற இலக்கணத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதை எந்தப் பாடப்புத்தகமும் முதல் பாடத்தில் சொல்லாது. ஃப்ளாரன்ஸ்காரர்கள் பேச்சில் இரண்டு உயிருக்கு நடுவே க வந்தால் அது ஹ மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு லா காசா என்று வகுப்பில் படிப்பாய், தெருவில் லா ஹாசா என்று கேட்கும். மற்ற வெளிநாட்டு மாணவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். நாம் மகன், பகல் என்று எழுதிவிட்டு எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்.

கஷ்டம் எங்கே என்றால், பால். நமக்கு மேஜை அஃறிணை, அதோடு கதை முடிந்தது. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பால் பெண்பால். தாவோலோ என்றால் மேஜை, ஆண். தாவோலா என்றால் சாப்பாடு பரிமாறிய மேஜை, பெண். அதே தாவோலாதான் ஓவியர்களுக்கு மரப்பலகை, அருங்காட்சியகச் சீட்டில் "தெம்பெரா சு தாவோலா" என்று இருக்கும். கைக்கு மானோ, ஓவில் முடிந்தாலும் பெண்பால். ஒன்பது வருடத்துக்குப் பிறகும் நான் தப்பு விடுகிறேன், மனைவி திருத்துவதை நிறுத்திவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் ஏ1, அதாவது மொழியின் முதல் நிலை, முடிந்தால் அடுத்த நிலையான ஏ2 வரை முடித்துவிட்டு வா. மூன்று நான்கு மாதம் இருந்தால் இணைய வகுப்பிலேயே முடியும். நிகழ்காலம், ஒரு இறந்தகாலம், ஏவல், ஒன்று முதல் ஆயிரம் வரை எண்கள், இது போதும். அந்த அடித்தளம் இருந்தால் காலை வகுப்பில் நேராக அடுத்த நிலையில் உட்கார வைப்பார்கள், அங்கேதான் வாக்கியம் பேசவிடுவார்கள். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் ஏப்ரல் வரை ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்பாய்.

காகித வேலை. 90 நாளுக்கு மேல் என்பதால் டி (D) வகை விசா. வந்து இறங்கி 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ. தபால் நிலையத்தில் அதற்கென ஒரு உறை தருவார்கள், நிரப்பி அங்கேயே கொடுக்க வேண்டும். 16 யூரோ முத்திரை ஒன்று ஒட்ட வேண்டும், அது தபால் நிலையத்தில் இல்லை, வாசலில் டி (T) எழுத்துப் பலகை தொங்குகிற புகையிலைக் கடையில் வாங்க வேண்டும், ஏன் என்று கேட்காதே. என் தங்கை மகன் மாணவனாக வந்தபோது அட்டைக்கு 30.46, ஒரு வருடத்துக்குள்ளான தங்கலுக்கு 40, தபாலுக்கு 30, முத்திரையோடு எல்லாம் சேர்த்து 116 யூரோ சொச்சம் ஆனது. தபாலில் தருகிற ரசீதைத் தொலைத்துவிடாதே, கைரேகைக்குக் கூப்பிடும் தேதி அதோடுதான் வரும். அவனுக்கு அட்டை கையில் கிடைக்கும்போது ஊர் திரும்ப மூன்று வாரம்தான் பாக்கி, அதுவரை ரசீதுதான் அடையாளம். பாஸ்போர்ட் நகல் எப்போதும் பத்து வைத்துக்கொள். வரி எண் ஒன்று வாங்க வேண்டும், கோதிச்சே ஃபிஸ்காலே, காசு கிடையாது, வாடகை ஒப்பந்தத்துக்குக் கேட்பார்கள்.


வண்டுமுருகன்77:

மொழிக்கு ஆப் இருக்கே, பச்சை ஆந்தை. எதுக்கு இவ்வளவு பெரிய கட்டுரை.


கரிக்கட்டை:

ஆந்தை எனக்கு "கரடி பால் குடிக்கிறது" என்று சொல்லிக்கொடுத்தது. நான்கு மாதத்தில் ஒரு கரடியையும் பார்க்கவில்லை.


மை_பாட்டில்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஈரச்சுவர், நான் தம்பி இல்லை, தங்கச்சி :)

போலோஞ்ஞாவாசி அண்ணா, இரட்டை மெய் விஷயம் படித்ததும் பாதி பயம் போய்விட்டது. இன்று ஏ1 வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன், வாரம் மூன்று நாள், சாயங்காலம்.

கரிக்கட்டை அண்ணா கேட்ட கேள்வி மண்டையைக் குடைகிறது. திரும்பி வந்து எந்தச் சுவரில்? அப்புறம் ஒரு சின்ன சிக்கல், நாங்கள் சுத்த சைவம், நான் முட்டைகூடத் தொட்டதில்லை. டெம்பராவில் முட்டை என்பது தெரியும், வேறு என்னென்ன இருக்கிறது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அங்கே பொருள்கள் வாங்கினால் விலை எப்படி, இங்கிருந்து தூரிகை கொண்டுபோகலாமா?


ஈரச்சுவர்:

மன்னித்துவிடு தங்கச்சி.

டெம்பராவில் முட்டை மட்டும் இல்லை. மரப்பலகையில் முதலில் வெள்ளைத் தளம் போட வேண்டும், ஜெஸ்ஸோ, ஜிப்சத்தை முயல் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைத்துப் பல பூச்சு. அந்தப் பசையைச் சூடாக்கும்போது வருகிற வாடை இருக்கிறதே, அசைவம் சாப்பிடுகிற நானே ஜன்னலோரம் போய் நின்றேன். அப்புறம் மஞ்சள் கரு. கருவைச் சுற்றி இருக்கிற மெல்லிய தோலைக் கிள்ளிப் பிடித்துத் தூக்கி, ஊசியால் குத்தி, உள்ளே இருப்பதை மட்டும் சொட்டவிட்டு எடுக்க வேண்டும். 1400 வாக்கில் தொழில் குறிப்பு எழுதிவைத்த சென்னினோ சென்னினி என்ற ஓவியர் இதில் ஒரு நுணுக்கம் சொல்கிறார், இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் முட்டை, வயதான, கறுத்த முகங்களுக்கு கிராமத்துக் கோழியின் முட்டை, ஏனென்றால் நகரத்துக் கரு வெளிறியது, கிராமத்தது சிவந்தது. இதை வகுப்பில் சொன்னபோது நாட்டுக்கோழி முட்டை என்றால் எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல ஆசைப்பட்டேன், வாக்கியம் அமைப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

ஃப்ரெஸ்கோ சுத்த சைவம். சுண்ணாம்பு, மணல், தண்ணீர், மண் நிறங்கள். தூரிகை மட்டும் பன்றி முடி, அதைப் பற்றி வீட்டில் பேச்செடுக்காதே. இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம், சுண்ணாம்பு தின்று இரண்டே மாதத்தில் மொட்டையாகிவிடும், அங்கேயே சாதாரணமானதாக வாங்கிக்கொள். கையுறை கட்டாயம், நான் முதல் வாரம் வீராப்பாக வெறுங்கையால் குழைத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. நிறப்பொடிகளுக்கு ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் பக்கத்தில் வீயா தெல்லோ ஸ்தூதியோ என்கிற தெருவில் செக்கி என்று பழைய கடை இருக்கிறது, கால் கிலோ, நூறு கிராம் என்று நிறுத்துத் தருவார்கள், நம் ஊர் நாட்டு மருந்துக் கடை மாதிரி இருக்கும். தெர்ரா வெர்தே என்கிற பச்சை மண், காவி, மஞ்சள் காவி, இவை விலை குறைவு. நீலம்தான் கையைக் கடிக்கும். ஈயவெள்ளையைச் சுவர்ப்பக்கமே கொண்டுபோகாதே, கறுத்துப்போகும், அசிசியில் சிமாபுவே வரைந்த சுவர்கள் இன்று நெகட்டிவ் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம். வெள்ளை வேண்டுமானால் சுண்ணாம்புதான்.

விலாசம் தேடும்போது ஒன்று கவனி. அந்த ஊரில் ஒரே தெருவுக்கு இரண்டு வரிசை எண்கள். வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு எண், கடைகளுக்குச் சிவப்பு எண். சிவப்பு 19ம் நீலம் 19ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. நான் முதல் நாள் அரை மணி நேரம் யாரோ ஒரு பாட்டி வீட்டு மணியை அடித்துவிட்டு நிறப்பொடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டி கோபப்படவில்லை, மாடியிலிருந்து கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார், எனக்குப் புரிந்தது ரோஸ்ஸோ என்ற ஒரு சொல்தான், சிவப்பு, அதை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டேன்.

சாப்பாடு. ஃப்ளாரன்ஸ் இருக்கிற தொஸ்கானா பகுதி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், முதல் கடியிலேயே உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தோன்றும், பழகிவிடும். பழைய ரொட்டியைத் தக்காளியில் வேகவைத்த பாப்பா அல் பொமதோரோ, காய்கறியும் பீன்ஸும் போட்ட ரிபொல்லீத்தா இரண்டும் பெரும்பாலும் சைவம், ஆனாலும் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றினீர்களா என்று கேட்டுக்கொள். சீஸில் கவனம், பார்மிஜானோவை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததை வைத்துத்தான். தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கும், அரிசியும். அப்புறம் காப்பியை நின்றுகொண்டு குடி, உட்கார்ந்தால் விலை ஏறும்.

சுவர் கேள்விக்கு வருகிறேன். கரிக்கட்டை சொல்வது சரி, திரும்பி வந்த வருடம் எனக்குச் சுவர் கிடைக்கவில்லை. அரையடிக்கு அரையடி ஓடுகளில் செய்துகொண்டிருந்தேன். ஆனால் பார்க்கிற கண் மாறிவிட்டது. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோவின் திரித்துவம் என்ற சுவரோவியம் இருக்கிறது, 1427 வாக்கில் வரைந்தது. அதன் முன்னால் 16ம் நூற்றாண்டில் வசாரி என்ற ஓவியர் ஒரு பீடம் கட்டி மறைத்துவிட்டார், சுமார் முந்நூறு வருடம் அப்படியே இருந்து 1860 வாக்கில்தான் வெளியே வந்தது. அதை வாத்தியார் சொன்னபோது எனக்குத் தஞ்சாவூர் நினைவு வந்தது. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்திருச்சுற்றில் நாயக்கர் காலப் படத்துக்கு அடியில் சோழர் காலப் படம் இருப்பதை 1931ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார் இல்லையா, அதைப் பள்ளியில் ஒரு வரியாகப் படித்ததுதான். சுண்ணாம்பைக் கையால் பூசிய பிறகுதான் அந்த ஒரு வரி எனக்கு விளங்கியது. அந்த இருட்டுச் சந்தில், காற்றோட்டம் இல்லாத இடத்தில், ஒருவன் இன்று எவ்வளவு பூசினால் காய்வதற்குள் முடிப்போம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கும் ஒருவர் பின்னாலிருந்து "நோண்டாதே, விடு" என்று கத்தியிருப்பார். இப்போது நான் செய்யும் வேலை பழைய சுவர்களைப் பாதுகாக்கிற வேலைதான், வரைகிற வேலை இல்லை. அதற்கு இந்தச் செமஸ்டர் காரணம் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன், பாதி.

மசாச்சோவைப் பார்க்கும்போது பிரான்காச்சி சிற்றாலயத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போ, கொஞ்சம் கொஞ்சம் பேராகத்தான் விடுவார்கள். ஒரு பக்கம் மசோலினோ வரைந்த ஆதாம் ஏவாள், எதிர்ப்பக்கம் மசாச்சோ வரைந்த துரத்தப்பட்ட ஆதாம் ஏவாள். ஏவாளின் திறந்த வாய் சில வீச்சுதான். 17ம் நூற்றாண்டில் அவர்கள் மேல் இலைகளை வரைந்து மூடினார்கள், 1980களில் சுத்தம் செய்தபோது எடுத்துவிட்டார்கள். அதை வரைந்தவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்குமோ என்னமோ, 1428ல் இறந்தும்விட்டார்.


போலோஞ்ஞாவாசி:

ஒரு சேர்க்கை. அருங்காட்சியகத்தில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சீட்டை முதலில் இத்தாலியனில் படி, புரியாததை மட்டும் கீழே இருக்கும் ஆங்கிலத்தில் பார். என் மனைவி இதைத்தான் எனக்கு முதல் வருடம் செய்யச் சொன்னாள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், கூட்டம் அம்மும், ஆனாலும் மாணவருக்கு அது பெரிய விஷயம். கலைக் கல்லூரி மாணவர்களுக்குச் சலுகை உண்டு, சேர்க்கைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் கேள், கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.


கரிக்கட்டை:

ஈரச்சுவர் தஞ்சாவூரைச் சொல்லி என்னை மடக்கிவிட்டார். சரி, ஃப்ரெஸ்கோவே எடு. ஆனால் ஜூன் வருவதற்குள் பெரிய துண்டை முடித்துவிடு, வெயில் நம் ஊர் மாதிரியே கொளுத்தும், பூச்சு காய்கிற வேகத்துக்கு உன் கை ஓடாது. விடுதி வேண்டாம், இத்தாலியப் பெண்கள் இருக்கிற வீட்டில் ஒரு அறை தேடு. தட்டு யார் கழுவுவது என்ற சண்டையில் வருகிற மொழி எந்த வகுப்பிலும் வராது.


மை_பாட்டில்:

ஃப்ரெஸ்கோ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அறைக்கும் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன், ஒரு வீட்டில் மூன்று பெண்கள், ஒரு பூனை, பாத்திரம் கழுவ முறை வைத்திருக்கிறார்களாம்.

பாட்டியிடம் கோலா, கொல்லா சொல்லிக்காட்டினேன். இரண்டையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, ரெண்டும் வேற வேறதானே, இதுல படிக்க என்ன இருக்கு என்றார். அப்பாவிடம் மெதுவாக விளக்கினேன், முதலில் கரடு பூச்சு, அது காய்ந்ததும் மெல்லிய பூச்சு, அதற்கு மேல் காவி, எல்லாம் சுண்ணாம்பு வேலை, நம் வழிக்கும் ஒத்துவரும் என்று. முழுக்கக் கேட்டுவிட்டு, "சுண்ணாம்பு அடிக்க எதுக்கும்மா இத்தாலி, பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்க ஆள் தேடிட்டிருக்கேன்" என்கிறார்.

கையுறை ரப்பரா, துணியா, எது வாங்குவது ஈரச்சுவர் அக்கா?


ஈரச்சுவர்:

ரப்பர். இரண்டு ஜோடி. பொங்கலுக்கு நீயே அடித்துப் பழகு, கை நிதானம் வரும்.